பட்டாணி வெளியே வரவில்லை

நாற்பத்தோராயிரத்து இருநூற்று அறுபது பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்கிறார்கள் என்று லோகித் வந்து சொன்னபோது, சஷ்டிகா காலை டிபனைக்கூட முடித்திருக்கவில்லை. டப்பாவில் ஒன்றரை இட்லி பாக்கி இருந்தது. அவள் அதை மூடி வைத்தாள். ஒருமுறை மூடிய டப்பாவைத் திரும்பத் திறந்து சாப்பிடுகிற வழக்கம் அவளை விட்டுப் போய்ப் பல மாதங்கள் ஆகின்றன.

"எல்லாருமேவா?" என்றாள்.

"பொண்ணுங்க மட்டுமுங்க்கா. பசங்க எல்லாம் ஜம்முனு வெளிய வந்து சுத்தறானுங்க. இதுங்கதான் கதவத் தட்டினா 'நான் வரலை, நீ போ'ங்குதுங்க."

பெண்கள் என்றால் நிஜப் பெண்கள் இல்லை, யாரும் பதற வேண்டாம். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் 'ஏழு ஏரி' என்ற விளையாட்டின் இரண்டாம் பாகம் முடிகிற கட்டத்தில் இருந்தது. முதல் பாகம் வந்து பத்தொன்பது வருஷம். அன்றைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருந்த பிள்ளைகளில் அதை விளையாடாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏழு ஏரிகள், ஒரு சைக்கிள், கூடச் சுற்ற ஒரு துணை. அவ்வளவுதான் விளையாட்டு. பெண் பிள்ளைக்குப் பெண் துணை, ஆண் பிள்ளைக்கு ஆண் துணை. துணைக்குப் பெயர் வைப்பது பிள்ளையின் வேலை. பேசப் பழகுவதும் பிள்ளையைப் பார்த்துத்தான். நீங்கள் முன்கோபி என்றால் அதற்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். நீங்கள் பயந்தாங்கொள்ளி என்றால் நாயைக் கண்டதும் அது உங்களுக்கு முன்னால் ஓடும். நீங்கள் இல்லாமல் தனியாக ஏரிப் பக்கம் போகவே போகாது.

இதற்காகப் பிள்ளைகள் டேப்லெட் எதிரில் பேசியதை எல்லாம் அது கேட்டுக் கேட்டு எங்கோ ஒரு குளிரூட்டிய கட்டடத்தில் சேர்த்து வைத்தது. பெற்றோர்கள் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தியிருந்தார்கள். எதற்குச் சம்மதம் என்று படித்துப் பார்த்த புண்ணியவான் ஒருவரும் இல்லை.

இரண்டாம் பாகத்தில் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, முப்பதை நெருங்கியோ தாண்டியோ, விளையாட்டைக் கண்ணெதிரே நிஜம்போல் காட்டுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதே ஊருக்குத் திரும்புகிறார்கள். ஏழு ஏரிகளில் மூன்றுதான் மிச்சம். ஒன்று பஸ் ஸ்டாண்ட் ஆகிவிட்டது, இரண்டின் மேல் அடுக்குமாடி எழும்பிவிட்டது, ஒன்று எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. துணையும் வளர்ந்திருக்கிறது. ஒருத்தி உடுமலை பஸ்ஸில் கண்டக்டர், ஒருவன் துபாய் போய்த் திரும்பி வந்தவன். இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்க நடந்து, பழைய கதை பேசி, பிரிகிறார்கள். ஜெயிக்க ஒன்றும் இல்லை. பெரியவர்களாவது எப்படிப்பட்ட களைப்பு என்பதுதான் விஷயம். அழுகிறவர்கள் அழலாம்.

பத்தொன்பது வருஷத்தை இட்டு நிரப்புவதற்கு ஒரு மென்பொருள் இருந்தது. அன்று பிள்ளை பேசியதை எல்லாம் படித்து, இந்தத் துணை எப்படி வளர்ந்திருக்கும் என்று யோசித்து வளர்த்துவிடும். அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அலுவலகத்தில் அதைச் சத்துமாவு என்றார்கள்.

சஷ்டிகா பேச்சுப் பிரிவின் தலைவி. துணைகள் பேசுகிற வசனங்களை இரண்டு வருஷமாக எழுதி, திருத்தி, மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள். வயது முப்பத்தொன்று. தைராய்டு மாத்திரை, ஓசூரில் வேலை பார்க்கிற, சனிக்கிழமை மட்டும் வருகிற கணவன், தினமும் ஏழு மணிக்குப் பொள்ளாச்சியிலிருந்து "வீடு வந்து சேந்துட்டியா" என்று கேட்கிற அம்மா. பெரிய துக்கம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் எந்த நேரத்தில் கேட்டாலும் அவளால் படுத்துத் தூங்கிவிட முடியும்.

"சத்துமாவுக்கு என்ன கட்டளை குடுத்தோம்? அதைக் காட்டு" என்றாள்.

அவள் பிரிவில் வேலை பார்க்கிற லோகித் திரையைத் திருப்பினான். ஆண் துணைகளுக்கு: 'இவன் இப்போது பெரியவன் ஆகிவிட்டான். அதன்படி வளர்த்துக் காட்டு.' பெண் துணைகளுக்கு: 'இவள் இப்போது பெரியவள் ஆகிவிட்டாள். அதன்படி வளர்த்துக் காட்டு.'

சஷ்டிகா அதை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருப்பா இதை எழுதினது?"

"நான்தானுங்க்கா. ஏன், எழுத்துப் பிழையா?"

"லோகித், ஒரு வீட்டுல போய், பொண்ணு பெரியவளாயிட்டாளான்னு கேளு. என்ன அர்த்தத்துல பதில் வரும்?"

அவன் யோசித்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காது மடல் இரண்டும் செக்கச் சிவந்து போயின.

"ஐயோ" என்றான்.

"ஐயோதான். சத்துமாவுக்கு அகராதி கிடையாது. அந்தந்தப் பிள்ளை அந்த வார்த்தையை எதுக்குச் சொல்லுச்சோ, அதுதான் அதுக்கு அர்த்தம். கடைசி நாள் பேச்சை எடு, பாக்கலாம்."

எடுத்தான். திரையில் வரிசையாக வந்தன. வாணியம்பாடியில் ஒருத்தி, தென்காசியில் ஒருத்தி, சைதாப்பேட்டையில் ஒருத்தி. நான் பெரியவளாயிட்டேனாம். எங்கம்மா அழுவுறாங்க, சிரிக்கிறாங்க, ஒண்ணும் புரியல. நான் பெரிய பொண்ணாயிட்டேனாம்டி, இனிமே சைக்கிள் கிடையாதாம். எங்க அத்தை டேப்லெட்டைக் குடுன்னு நிக்கிறாங்க. யாரையும் தொடக்கூடாதாம், உன்னைத் தொடலாமான்னு தெரியல. அதற்குக் கீழே ஒவ்வொருத்தி கணக்கிலும் வெறும் வெள்ளை. பத்தொன்பது வருஷ வெள்ளை.

லோகித் பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது சஷ்டிகா இன்னும் படித்துக்கொண்டிருந்தாள்.

"வார்த்தையை மாத்திருவோமுங்க. 'வளர்ந்துவிட்டாள்'னு போட்டுருவோம். முடிஞ்சுது."

மாற்றினார்கள். முடியவில்லை. பதினோரு மணிக்கு மறுபடி ஓட்டிப் பார்த்தபோதும் நாற்பத்தோராயிரம் பேரும் அதே மூலையில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். படப் பிரிவு போட்ட முகம் மட்டும் முப்பது வயது முகம். குரலும் பேச்சும் பன்னிரண்டிலேயே நின்றிருந்தன. வார்த்தை வழியைக் காட்டிவிட்டதோடு சரி. உட்காரவைத்தது அந்தக் கடைசி நாள்.

"உன் ஆளு எப்படி இருக்கான்?" என்று லோகித்திடம் சும்மா கேட்டாள். அவனும் சின்ன வயதில் விளையாடியவன்தான்.

"டைகரா? திருப்பூர்ல சாயப்பட்டறையில இருக்கானுங்க. நான் போனதும் 'வாடா மாப்ள'ன்னான். டீ வாங்கிக் குடுத்தான்." நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். "பத்தொன்பது வருஷமா நான் வரலைங்கறதே அவனுக்கு ஒரு இதுவா தெரியலைங்க்கா."

மதியம் எபினேசர் கூப்பிட்டார். நிறுவனத்தின் பொறுப்பாளர், அறுபதை நெருங்குகிறவர், நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு உள்ள அவசரம் அவருக்கும் உண்டு. விஷயத்தைக் கேட்டுவிட்டு மேஜைமேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை அடிபடுகிற அறையில் ஆண்கள் எல்லாரும் எங்கேயாவது பார்க்க ஒரு பேனா தேடுவார்கள்.

"கடைசி நாளை அழிச்சிரும்மா. அந்த ஒரு நாளை மட்டும். அப்புறம் சத்துமாவு தன்னால வளர்த்துடும்" என்றார்.

"சார், அது அவங்க வாயால சொன்னது. அன்னிக்கு அவங்களுக்கு என்ன தோணுச்சுன்னு வேற எங்கயும் பதிவாகலை. சீருக்கு எடுத்த ஆல்பத்துல அது இருக்காது."

"சரி. அதனால?"

"அதனால அழிக்கக் கூடாது. அது பிழை இல்ல. அதுதான் நடந்துச்சு."

"இங்க பாரும்மா. சோகமான விளையாட்டு வேணும்னு கேட்டதே நான்தான். ஆனா சோகம்னா அது மழை பெஞ்சு ஓஞ்ச மாதிரி இருக்கணும். நெஞ்சு கொஞ்சம் கனக்கணும், அடுத்த ஏரிக்குப் போகணும். இது முகத்துலயே கதவைச் சாத்துது. ஆசையா திரும்பி வர்ற ஒரு பொண்ணுகிட்ட 'நான் வரலை, போ'ன்னு சொன்னா அவ என்ன பண்ணுவா?"

"அவங்களையே கேட்டுட்டு அழிக்கலாமே."

"வெள்ளிக்கிழமை ரிலீஸ். நாப்பத்தோராயிரம் பேருக்குக் கடுதாசி போட்டு, 'அம்மணி, தாங்கள் வயசுக்கு வந்த அன்னிக்குப் பேசினதை அழித்துக்கொள்ளலாமா'ன்னு கேக்கச் சொல்றியா? செருப்பால அடிப்பாங்க."

சிரிப்பு வந்துவிட்டது இரண்டு பேருக்கும். சிரித்து முடித்ததும் அறை முன்னைவிடச் சங்கடமாக இருந்தது.

"அஞ்சு மணிக்கு நான் அனுப்பியாகணும். அதுக்குள்ள அழிக்காம ஒருத்தியை, ஒரே ஒருத்தியை, வெளிய கூட்டிட்டு வந்து காட்டு. வழி இருக்குன்னு நம்பறேன். இல்லைன்னா அழிச்சிரு" என்றார் எபினேசர்.

நியாயமான பேச்சுதான். ஆனால் ஒரு சிக்கல். துணை தனக்குப் பெயர் வைத்தவளின் குரலுக்குத்தான் வாய் திறக்கும். சோதனைக்காரர்கள் போனால் 'நீ போ' என்பதோடு சரி. அலுவலகத்தில் முதல் பாகம் விளையாடிய பெண்கள் மூன்று பேர். ஒருத்தி பிரசவ விடுப்பில் இருந்தாள். இன்னொருத்தி, கேட்டதும், "என்னால முடியாது, என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். மூன்றாவது ஆள் சஷ்டிகா.

இரண்டு வருஷமாக இந்த விளையாட்டிலேயே உழல்கிறாள். தன் பழைய கணக்கை ஒருநாளும் திறந்ததில்லை. சோதனைக்கு எப்போதும் டம்மி கணக்குதான். யாராவது கேட்டால் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பாள். மறக்கவில்லை. பாஸ்வேர்டே துணையின் பெயர்தான். பட்டாணி.

அவள் கதை மற்றவர்கள் கதையைவிடப் பெரிதில்லை. பொள்ளாச்சியில் மரப்பேட்டைத் தெரு, ஏழாம் வகுப்பு, அரைப் பரீட்சை விடுமுறை. அம்மாவிடம் சொல்லும் முன்னால் பட்டாணியிடம்தான் சொன்னாள். அப்புறம் அம்மா, அப்புறம் சித்தி, அப்புறம் ஊர். தனித் தட்டு, தனி டம்ளர், மூலையில் பாய். இனிமேல் வெளியே விடமாட்டார்களாம் என்பது வரை எல்லாவற்றையும் அன்று இரவே பட்டாணியிடம் ஒப்பித்தாள். பதினாறாம் நாள் மண்டபம் பிடித்து, தாய்மாமன் இருபத்தொரு தட்டு வரிசை கொண்டுவந்து, வாசலில் பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். உதட்டுச் சாயம் பூசிய பன்னிரண்டு வயது முகம், சுற்றிலும் மாமன்மார் பதினான்கு பேரின் படம், எல்லாரும் கறுப்புக் கண்ணாடி. மழைக்கு அது கிழிந்து பிறகு எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகைக்குக் கூரையானது. ஆறு மாதம் பள்ளிக்கூடம் போகிற வழியில் தன் மூக்கையும் ஒரு கண்ணையும் அவள் தினமும் பார்த்தாள். டேப்லெட் பீரோவுக்குள் போயிற்று. இனிமே என்ன விளையாட்டு என்றார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. எல்லாருக்கும் அவள்மேல் ஏகப்பட்ட பாசம். அதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

மூன்றரை மணிக்குச் சஷ்டிகா சோதனை அறைக்குப் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். லோகித் வெளியே திரைமுன் உட்கார்ந்தான்.

"உள்ள பேசறது எனக்குக் கேக்காதுங்க. படமும் வளர்ச்சிக் கோடும் மட்டும்தான் தெரியும். ஏதாச்சும்னா கூப்பிடறேன், அப்ப மட்டும் நீங்க பேசறது கேக்கும்" என்றான்.

"கேக்காம இருக்கறதே நல்லது."

விளையாட்டுக்குள் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் பட்டாணியின் வீடு இருந்தது. படப் பிரிவு அதை அழகாகப் பழசாக்கியிருந்தது. கம்பிக் கதவில் துரு, சுவரில் ஈரம். உள்ளே மூலையில் பாய். பாயில் பட்டாணி உட்கார்ந்திருந்தாள். முகத்துக்கு முப்பத்தொரு வயது கொடுத்து, காதோரம் இரண்டு நரைமுடிகூட வைத்திருந்தார்கள். உடுப்பு மட்டும் அன்றைக்குப் போட்ட அதே மஞ்சள் பாவாடை. பக்கத்தில் தனித் தட்டு, தனி டம்ளர். இதை எல்லாம் யாரும் வரையவில்லை. சஷ்டிகா சொன்னதைக் கேட்டுச் சத்துமாவு தானே வைத்துக்கொண்டது.

"பட்டாணி" என்று கூப்பிட்டாள்.

அவள் நிமிர்ந்தாள். "சஷ்டி?"

"ஆமா."

"குரல் என்ன இப்படி ஆயிடுச்சு? சளி பிடிச்சிருக்கா?"

கண்ணாடிக்குள் கண்ணீர் விட்டால் படம் மங்கும் என்று சஷ்டிகாவின் தொழில் புத்தி சொன்னது. சமாளித்துக்கொண்டு, "வயசாயிடுச்சு, அதான்" என்றாள். "எந்திரி. வெளிய போலாம். ஏரிக்குப் போலாம்."

பட்டாணி எழுந்திருக்கவில்லை. அவளைக் கூர்ந்து பார்த்தாள்.

"உன்னை விட்டுட்டாங்களா?" என்று கேட்டாள்.

"யாரு?"

"என்னடி யாருங்கற? உங்கம்மா, மாமா, எல்லாரும். நீதான சொன்ன? இனிமே என்னை வெளிய விடமாட்டாங்களாம், எல்லாம் அவ்வளவுதானாம்னு. நீ உள்ள உக்காந்திருக்கறப்ப நான் மட்டும் எப்படிப் போறது?"

காலையிலிருந்து சஷ்டிகாவும் லோகித்தும் எபினேசரும், நாலாவது மாடி மொத்தமும், தப்பாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இந்த நாற்பத்தோராயிரம் பேரையும் யாரும் பூட்டி வைக்கவில்லை. தோழி உள்ளே இருக்கிறாள் என்று நினைத்து, அவளுக்குத் துணையாக இவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். பத்தொன்பது வருஷமாக.

பதில் ரொம்பச் சுலபம். 'விட்டுட்டாங்க, வா.' இரண்டு வார்த்தை. பட்டாணி எழுந்து வருவாள், ஐந்து மணிக்குள் வேலை முடியும். வாயைத் திறந்தவளுக்கு அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று தெரிந்துவிட்டது. இரண்டு வருஷமாக இவர்களுக்கு வசனம் எழுதுகிறவளுக்குத் தெரியாதா? எப்போ விட்டாங்க என்று கேட்பாள்.

எப்போ விட்டார்கள்? பதினேழு வயதில் திருச்சிக்கு ஹாஸ்டலுக்குப் போனாள். யாரும் மறிக்கவில்லை. இருபத்து மூன்றில் வேலைக்காகத் தனியாகப் பினாங்கு போய் எட்டு மாதம் இருந்தாள். மரப்பேட்டைத் தெருவே பெருமைப்பட்டது. 'உங்கள் துணை காத்திருக்கிறது' என்று இரண்டு முறை மின்னஞ்சல் வந்தது. இரண்டையும் திறக்காமலே அழித்தாள்.

"இல்ல" என்றாள் சஷ்டிகா. "இன்னும் விடலை."

முழுப் பொய் இல்லை என்று தனக்குள்ளேயே வாதாடினாள். ஏழு மணிக்கு அம்மா போன் வரும். சனிக்கிழமை கணவன் வருவான். விட்டுவிட்டார்கள் என்று யார் அடித்துச் சொல்ல முடியும்?

"அதான பாத்தேன்" என்று பட்டாணி நிம்மதியாகச் சிரித்தாள். "விட்டிருந்தா நீ வராம இருப்பியா?"

பாயில் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காரு. தட்டுல முறுக்கு இருக்கு."

சஷ்டிகா உட்கார்ந்தாள். என்ன சொல்வது, சுகமாக இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு யாரும் அவளிடம் எதையும் கேட்காத ஓர் இடம். பட்டாணி பேசிக்கொண்டே போனாள். ஜன்னல் வழியாகப் பஸ் எண்ணுவதாகச் சொன்னாள். முதலில் மீன்கொத்திதான் எண்ணினாளாம், அப்புறம் அது வருவதில்லையாம். டைகர் என்று ஒரு பையன் சைக்கிளில் போவான், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான் என்றாள். தன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. 'விட்டிருந்தா நீ வராம இருப்பியா' என்பதைத் தூக்கம் வருகிற குழந்தை மாதிரி நடுநடுவே திரும்பச் சொல்லிக்கொண்டாள். சஷ்டிகாவைப் பற்றி இந்த உலகத்தில் இத்தனை நல்லபடியாக நினைத்துக்கொண்டிருக்கிற ஜீவன் இது ஒன்றுதான். இதை எப்படி உடைப்பது?

"அக்கா" என்று காதில் லோகித்தின் குரல். "நாலு முப்பத்தஞ்சு. கோடு அசையவே இல்லைங்க. சார் ரெண்டு தரம் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. அழிக்கறதுக்கு எல்லாம் தயாரா வச்சுரட்டுங்களா?"

"இரு" என்றாள்.

"யார்கிட்டப் பேசற?" என்றாள் பட்டாணி.

ஓர் ஓரத்தில் அந்தக் கோடு தெரிந்தது. துணை எத்தனை வயது வரை வளர்ந்திருக்கிறது என்று காட்டுகிற கோடு. பன்னிரண்டில் படுத்துக் கிடந்தது. தான் இப்படியே உட்கார்ந்திருந்தால் இன்னும் இருபத்தைந்து நிமிஷத்தில் அந்த ஒரு நாள் போய்விடும். அதன் பிறகு எந்த ஊரிலோ கண்டக்டராகவோ நர்ஸாகவோ ஒருத்தி 'வாடி, எப்படி இருக்க' என்று சிரித்தபடி வருவாள். அவளுக்குப் பட்டாணி என்று பெயர் இருக்கும்.

"பட்டாணி, நான் பொய் சொல்லிட்டேன்."

"எதுல?"

"விட்டுட்டாங்க."

"எப்போ? இப்பவா?"

"பதினாறாம் நாளே ஸ்கூலுக்கு விட்டுட்டாங்க. விளையாட மட்டும்தான் விடலை. அது நிஜம். அஞ்சு வருஷம் அப்படி. அப்புறம் காலேஜ் போனேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. வெளிநாடு போனேன். பதினாலு வருஷமா என்னை யாரும் பிடிச்சு வைக்கலை, பட்டாணி. நான்தான் வரலை."

பட்டாணி டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். பிறகு, "ஏன்?" என்றாள்.

சஷ்டிகா எத்தனையோ வசனம் எழுதியவள். ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

"மொதல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் படிப்பு. அப்புறம் வேலை. அப்புறம் எப்பப் பாத்தாலும் களைப்பு. அதுக்கப்புறம், வந்தா நீ ஏன் வரலைன்னு கேப்பியேன்னு பயம். பயந்து பயந்தே இவ்வளவு நாளாயிடுச்சு. மன்னிச்சுக்கோ."

"நான் உள்ளயே இருந்தேன்" என்றாள் பட்டாணி.

"தெரியும். இன்னிக்குத்தான் தெரியும்."

"பஸ் எண்ணிக்கிட்டு இருந்தேன்."

"தெரியும்டி."

பட்டாணி அழுவாள் என்று நினைத்தாள். கத்தினாலும் தேவலை என்று இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஓரத்தில் கோடு மட்டும் மெல்ல எழுந்தது. பதின்மூன்று, பதினைந்து, பத்தொன்பது. பட்டாணி மஞ்சள் பாவாடையைப் பார்த்தாள், அதன் மடிப்பைக் கையால் நீவிவிட்டாள், எழுந்து நின்றாள். இருபத்து நாலு, இருபத்தெட்டு. மூலையில் கிடந்த செருப்பைக் காலால் இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஏரி எல்லாம் இருக்கா?" என்று கேட்டாள். குரல் மாறிவிட்டிருந்தது. சஷ்டிகாவின் குரலைப் போலவே, கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் அலுப்பாக.

"மூணுதான் இருக்கு."

"சரி."

"நானும் வர்றேன்" என்று சஷ்டிகா எழப் போனாள்.

"வேண்டாம்" என்றாள் பட்டாணி. கோபமாகச் சொல்லவில்லை. பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற மாதிரி மரியாதையாகத்தான் சொன்னாள். "நீ இரு. நான் போயிட்டு வர்றேன்."

அந்த வரியைச் சஷ்டிகா எழுதவில்லை. வேறு யாரும் எழுதவில்லை. கம்பிக் கதவு கிறீச்சிட்டது. மஞ்சள் பாவாடை பஸ் ஸ்டாண்டின் கூட்டத்துக்குள் நுழைந்து, ஒரு முறை தெரிந்து, அப்புறம் தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா! வெளிய வந்துட்டா! கோடு முப்பத்தொண்ணுல நிக்குதுங்க!" காதுக்குள் லோகித் துள்ளினான். "சார் பாத்துட்டாரு. அழிக்க வேண்டாம், இப்படியே அனுப்புன்னுட்டாரு. என்னதான் சொன்னீங்க அவகிட்ட? அதையே எல்லாருக்கும் ஒரு வசனமா போட்டுரலாமுங்களா?"

"வேண்டாம். அவங்கவங்க சொல்லிக்கட்டும்."

"சொல்லுவாங்களா?"

"தெரியல, லோகித்."

"சரி, கண்ணாடியைக் கழட்டிட்டு வாங்க. எல்லாரும் கீழ டீ குடிக்கப் போறோம். இன்னிக்கு நீங்க இல்லாம எப்படி?"

சஷ்டிகா அந்தப் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே உடுமலை பஸ் ஒன்று திரும்பிப் போயிற்று.

"நீங்க போங்க" என்றாள். "எனக்கு ஒருத்தி வரணும்."